ஈரத்தில் வாடிய செடிகள்

பல் டாக்டர் கிளினிக்கில் ஆறு செடிகள் செத்துப்போனதையும், அதற்காக அண்ணி தன் நாத்தனார் பாப்பாவை நாலு பேர் பார்க்கப் 'பொய்க்காரி' என்று சொன்னதையும், பாப்பா சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அன்று மாலையே லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதெல்லாம் நடந்து ஆறு வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை, பாப்பா வேலை கேட்டுப் போயிருந்த செடி நர்சரியின் மேனேஜர் அண்ணிக்குப் போன் செய்தார்.

"உங்ககிட்டதானே இருந்தாங்க? ஆள் எப்படி?"

அண்ணி யோசிக்கவே இல்லை. "கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை."

சொல்லிவிட்டு அன்று நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளினிக்கிலிருந்து ரிசப்ஷன் பெண் கூப்பிட்டாள்.

"செடிக்காரம்மா, மறுபடியும் தொங்குது."

"எது?"

"எல்லாமே. புதுசா வெச்சீங்களே, ஆறும். அதோட குட்டிக் குட்டியாப் பூச்சி வேற பறக்குது. வாயைத் திறக்கிற இடம்மா இது. பேஷன்ட் எல்லாம் பயப்படறாங்க."

அண்ணி உடனே கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை பாப்பா இல்லை. ஆறு வாரமாக, வாரத்துக்கு இரண்டு நாள், தானே நேரில் போய்த் தன் கையாலேயே அரை லிட்டர் அளந்து ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றிய நாளுக்கு அடையாளமாகக் கார்டில் போட்ட ஒவ்வொரு டிக்கும் சத்தியமான டிக்.

வீட்டில் அவள் அண்ணி, வெளியில் செடிக்காரம்மா. பதினோரு அலுவலகங்களில் அவள் வைத்த செடிகள் நிற்கின்றன. வைப்பது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பட்டுப்போனால் மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஒரே தங்கைதான் பாப்பா. பெயர்தான் பாப்பா, வயது முப்பத்துநாலு. மூன்று வருடத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் துருவவில்லை. அண்ணிதான் கையில் தண்ணீர்க் கேனைக் கொடுத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். 'நான்தான் ஆளாக்கினேன்' என்று நாலு இடத்தில் சொல்லியும் இருக்கிறாள்.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கண்ணாடிச் சுவரை ஒட்டி, பளபளவென்ற ஆறு வெள்ளைப் பீங்கான் தொட்டிகள். ஆறிலும் பீஸ் லில்லி. ஆறும், திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. அடி இலைகள் மஞ்சள் பூத்திருந்தன.

பீஸ் லில்லியின் குணம் அண்ணிக்குத் தெரியும். தாகம் வந்தால் துவண்டு விழும். தண்ணீர் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்துகொள்ளும். கேனைச் சாய்த்தாள். சாய்த்தவள், என்னவோ தோன்றி, விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள்.

விரல் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது.

செடியின் அடியைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தாள். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வேரோடு அல்ல, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு. கூடவே சாக்கடை நாற்றம் ஒன்று கிளம்பி ஏசிக் காற்றில் அறை முழுக்கச் சுற்றியது. வீங்கிய கன்னக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி தரையில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தாள். மண் கட்டியாக வந்து விழுந்தது. அடியில் அவளே போட்ட இரண்டு அங்குலச் சரளைக்கல். அதற்குள் கறுத்த தண்ணீர். நல்ல வேர் என்றால் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். இது பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வர, உள்ளே மயிரிழைபோல் ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது.

வேர் அழுகல். தண்ணீர் குறைந்தாலும் செடி தொங்கும், கூடினாலும் அதே மாதிரிதான் தொங்கும். குடிக்கிற வாயே அழுகிப்போன பிறகு சுற்றிலும் தண்ணீர் இருந்து என்ன பயன்? இதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! போன தடவை செத்த செடிகளை அவள் இப்படிப் பிடுங்கிப் பார்க்கவில்லை. தொட்டி தொட்டியாகச் சாக்கில் தட்டிக் குப்பையில் போட்டாள். பாப்பா நாலு வாரமாகத் தண்ணீரே ஊற்றாமல் டிக் மட்டும் போட்டாள் என்று ரிசப்ஷன் பெண் சொல்லிவிட்டாள். குற்றவாளி கிடைத்துவிட்டாள். அப்புறம் வேரை எதற்குப் பார்க்க?

"என்னம்மா நாத்தம் இது?" பல் டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்து நின்றார். ஐம்பது வயதுப் பெண்மணி; அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். "போன தடவை உங்க நாத்தனார். இந்தத் தடவை யாரு?"

மூன்று நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். ரிசப்ஷன் பெண் எழுதுவதை நிறுத்தினாள்.

"நர்சரியில குடுத்த மண்ணு சரியில்ல டாக்டர்," என்றது அண்ணியின் வாய். "மண்ணுலயே கோளாறு. நான் போய் அவங்களை ஒரு வழி பண்றேன்."

டாக்டர் முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அண்ணிக்குக் காது மடல் சுட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வருமா? நினைத்துக்கூடச் சொல்லவில்லை, யார் மேலாவது தூக்கிப் போட வேண்டும் என்றதும் தானாக வந்துவிட்டது.

கத்தரியைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டியிருந்தது. அழுகலை வெட்டிய கத்தரியால் நல்ல வேரைத் தொட்டால் அதுவும் போய்விடும். "மாடியில நர்ஸம்மாகிட்ட கேளுங்க," என்றாள் ரிசப்ஷன் பெண், முகத்தைப் பார்க்காமல்.

மாடிக்கு அண்ணி போய் மாதக்கணக்காகிறது. அங்கே வெளியாட்கள் அடிக்கடி வரக்கூடாது என்பதால் நர்ஸே நாலு செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொள்வதாகச் சொன்னாள்; அண்ணிக்கும் அது வசதியாகப் போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியவள் தாழ்வாரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அதே வெள்ளைப் பீங்கான் தொட்டிகள். அதே பீஸ் லில்லி. நாலும் கரும்பச்சையில் தளதளவென்று நின்றன. ஒன்றில் பூ வேறு.

"இதுக்கு என்ன போடறீங்க?" என்றாள் அண்ணி.

நர்ஸ் சிரித்தாள். "நான் என்னத்தைப் போட்டேன்? எல்லாம் உங்க பாப்பா செஞ்சு வெச்சதுதான்." ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, உள்ளேயிருந்து ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியைச் செடியோடு தூக்கிக் காட்டினாள். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு ஓட்டை. பீங்கானின் அடியில் உடைந்த டைல்ஸ் துண்டுகள். அவற்றின் மேல்தான் அது உட்கார்ந்திருந்தது. "வடியிற தண்ணி கீழே நிக்கும், செடி மேல நிக்கும். தரையிலயும் ஒரு சொட்டு விழாது. மண்ணும் பாருங்க, தேங்கா மட்டைத் துண்டும் பெருமணலும் கலந்தது. தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்காதாம்."

"தண்ணி எப்போ ஊத்துவீங்க? எந்தக் கிழமை?"

"கிழமையெல்லாம் கிடையாது." மண்ணில் செருகியிருந்த மரக்குச்சியை உருவினாள், நாக்கை அழுத்தித் தொண்டை பார்ப்பார்களே, அந்தக் குச்சி. "இதுல ஈரமண்ணு ஒட்டியிருந்தா அன்னிக்குத் தண்ணி கிடையாது. காய்ஞ்சு வந்தாதான் உண்டு. ஏசி ரூம்ல, வெயில் இல்லாத இடத்துல, பத்து நாள்கூட ஆகுதும்மா."

அண்ணி அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கீழே இருக்கிறதையும் இப்படி மாத்தணும்னு சொன்னாங்களே. 'அண்ணிகிட்ட சொல்லிட்டேன், அண்ணிக்கு நேரம் கிடைக்கல, சீக்கிரம் செஞ்சிடுவாங்க'ன்னாங்க."

அப்படியா சொன்னாள்?

பாப்பா சொன்னது உண்மைதான். ஒரு நாள் சமையலறையில், அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கதவோரமாக நின்று சொன்னாள்: 'அண்ணி, கீழ்த் தொட்டிக்கு ஓட்டை இல்லையே. அடியில தண்ணி தேங்குது. கொஞ்ச நாள் ஊத்தாம விட்டுப் பார்க்கலாமா?' அண்ணி தலையைத் திருப்பாமலேயே சொன்னாள்: 'சரளை போட்டிருக்கேன்ல? செடியைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா? கார்டுல இருக்கிறபடி ஊத்து. போ.' சரளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடுமா? வடிய வழி வேண்டாமா? மரத்தரையில் கறை படக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக, ஓட்டையில்லாத தொட்டியைத் தேடித் தேடி வாங்கியதும் அவள்தான்.

பாப்பா தண்ணீர் ஊற்றாமல் இருந்தது சோம்பலால் அல்ல. பிழைக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். அதற்குள் வேர் அழுகிவிட்டிருக்க வேண்டும்.

அண்ணி படியிறங்கினாள். கீழே டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட வெளியே வந்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று அண்ணிக்குத் தெரிந்தது.

"டாக்டர், ஒரு நிமிஷம். மண்ணு மேல தப்பில்ல. நர்சரி மேலயும் இல்ல. ஓட்டையில்லாத தொட்டியில செடியை வெச்சு, தண்ணியை ஊத்தி ஊத்தி வேரை அழுக வெச்சது நான்தான். போன தடவையும் நான்தான். பாப்பா எனக்கு முன்னாடியே சொன்னா. நான் கேக்கல. இங்கே வெச்சு அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன்ல, அதே இடத்துல சொல்றேன்."

வீங்கிய கன்னக்காரர் தர்மசங்கடத்தோடு சுவரிலிருந்த பல் படத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நானும் பார்த்துக்கிட்டு சும்மாதான் நின்னேன்," என்றார் டாக்டர். பிறகு, "பொழைக்கிறதைப் பொழைக்க வைங்க. மத்ததை எடுத்துட்டுப் போயிடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அண்ணி ஆறு செடிகளையும் வேர் வேராக அலசினாள். கறுத்ததை, கொழகொழத்ததை எல்லாம் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தாள். வேர் பாதியான செடிக்கு இலையிலும் பாதியைக் கழித்தாள். இருக்கிற வேர் அவ்வளவுதான் தாங்கும். பழைய மண்ணில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் மூட்டை கட்டினாள். மூன்று செடிகளில் விரல் நீளத்துக்காவது வெள்ளை வேர் மிஞ்சியிருந்தது. அவற்றை மாடியில் பார்த்த மாதிரியே ஓட்டைத் தொட்டியில், காய்ந்த கலவையில் நட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை. வெட்டுக்காயம் ஆற நாலைந்து நாள் விட வேண்டும். மற்ற மூன்றில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மதியம் வீட்டுக்காரர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போனாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருக்க, அவர் கூண்டின் கூரைமேல் நின்று கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தலை மட்டும் தரையில் முளைத்த மாதிரி தெரிந்தது. அண்ணி தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ என்கிட்ட வந்து சொன்னா. தண்ணி விடாம டிக் மட்டும் போடறேன் அண்ணா, செடியைக் காப்பாத்த வேற வழி தெரியல, அண்ணிகிட்ட நீங்க பக்குவமாச் சொல்லுங்கன்னு."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாங்க வேண்டிய கத்தலை அவளை வாங்க விட்டுட்டேன். சாவியை வெச்சுட்டுப் போனப்போ வாசல்ல என்னைத்தான் பார்த்தா. நான் டிவியைப் பார்த்தேன்."

இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. கீழே யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டினார்கள்.

படிக்கட்டில் நின்றபடியே அண்ணி நர்சரி மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்புங்க. அவ பொய் சொல்ற ஆளில்ல. தயவுசெஞ்சு..."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார் மேனேஜர். "நீங்க சொன்னதை நான் அவங்ககிட்டயே நேரா கேட்டுட்டேன். உங்க அண்ணி இப்படிச் சொல்றாங்களேன்னு. என்ன சொன்னாங்க தெரியுமா? 'அண்ணி சொன்னது நிஜம்தான் சார். பொய்யா டிக் போட்டேன்' அப்படின்னாங்க. ஏன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"வேலை..."

"நேத்து வேற ஆளைச் சேர்த்துட்டேன். நீங்க வெள்ளிக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றாள்.

மாலை ஐந்து மணிக்கு ஹாஸ்டல் வரவேற்பு அறையில், சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு மண். பாப்பா படியிறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அண்ணியால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். கிளினிக், மாடித் தொட்டி, எல்லார் முன்னாலும் சொன்னது, நர்சரி, நடுவில் சொன்ன புதுப்பொய் உட்பட. "மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல பாப்பா. நான் சொன்ன வார்த்தை அப்படி."

பாப்பா புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நானும் நேரா சொல்லியிருக்கணும். ஊத்தலைன்னு."

"ஏன்டி சொல்லல? ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தா..."

"அங்க, அவர் வீட்டுல இருந்தப்போ கத்துக்கிட்டது அண்ணி. சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, நமக்கு எது சரின்னு படுதோ அதை ஓசைப்படாம செஞ்சுக்கிறது. எதிர்த்துச் சொன்னா..." நிறுத்தினாள். கை தானாக இடது காதுப்பக்கம் போய்த் திரும்பியது. "மூணு வருஷம் ஆச்சு. பழக்கம் போகல."

மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்விக்கு இதுதான் பதிலா? "நான்... நான் அவனை மாதிரியா உனக்கு இருந்தேன்?"

"நீங்க கை ஓங்கினதில்ல. ஆனா குரல் ஏறினா எனக்கு எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. உடம்பு அப்படியே சில்லிட்டுப் போயிடும். அப்புறம் வாயில வார்த்தை வராது."

ஹாலில் இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். அண்ணி அவர்கள் போகும்வரை தரையைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வா பாப்பா. இப்பவே. பெட்டியை எடு."

"பெட்டி கட்டித்தான் இருக்கு," என்றாள் பாப்பா அமைதியாக. "அவருக்குப் போன் பண்ணிட்டேன். காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போக வர்றார்."

"யாரு?"

பாப்பாவின் கை மறுபடியும் இடது காதுப்பக்கம் போனது. அதுவே பதில்.

"பைத்தியமா உனக்கு? இப்பதானே சொன்னே..."

"இந்த ஹாஸ்டல்ல வேலைக்குப் போறவங்களுக்குத்தான் இடம். எனக்கு வேலை இல்ல, தேடிக்கோன்னு இத்தனை நாள் பொறுத்தாங்க. அண்ணன் வீட்டுக்கு எந்த முகத்தோட வர்றது?"

"முகம் இல்லாதவ நான்டி."

"அதான் அண்ணி." பாப்பா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. "இன்னிக்கு உங்களுக்கு வெக்கமா இருக்கு. அதனால கூப்பிடறீங்க. வெக்கம் எத்தனை நாளைக்கு இருக்கும்? அப்புறம்?"

அண்ணி வாயைத் திறந்தாள். 'இனிமேல் கத்தமாட்டேன்' என்று சொல்ல வந்தது. காலையில் டாக்டரிடம் எவ்வளவு சுலபமாக ஒரு வார்த்தை வந்து விழுந்தது என்பது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

வார்டன் வந்து மணியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. பாப்பா எழுந்து, "அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் படியை நோக்கி நடந்தாள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "ஏங்க," என்றாள் வார்டனிடம். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனாலும் ஹாலில் கேட்டது. "காலையில வாசல் கதவை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஆறு மணிக்கு."

"சரி. ஆறு மணிக்கு நானும் அவ அண்ணனும் இந்த நாற்காலியில இருப்போம். பத்து மணிக்கு வர்றவர் எங்ககிட்ட பேசிட்டுப் போகட்டும்."

பாதிப் படியில் பாப்பா நின்றாள். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று அண்ணி காத்திருந்தாள். அவள் திரும்பவில்லை, மெதுவாக மறுபடியும் ஏறத் தொடங்கினாள்.